மூலத்தைத் தொடாத கார்டு

இலக்கியம் பேசும் இடத்தில் கணிப்பொறியின் உதிரிபாகம் ஒன்றைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் கடந்த சில மாதங்களில் நண்பர்கள் மூவர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டனர். திரைப்படங்கள், கச்சேரிப் பதிவுகள், பழைய குடும்ப வீடியோக்கள் அனைத்தையும் வீட்டிலுள்ள ஒரு கணிப்பொறியில் சேர்த்துவைத்து, தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பார்க்க விரும்புகிறார்கள். ஜெல்லிஃபின், ப்ளெக்ஸ் போன்ற மென்பொருள்கள் அதற்கென்றே இருக்கின்றன. கேள்வி இதுதான்: "டிரான்ஸ்கோடிங்குக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" நான் சொன்ன பதில் மூவருக்கும் ஏமாற்றத்தையே அளித்தது. அதைச் சற்று விரிவாக இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

அந்தக் கார்டு என்ன வேலை செய்யப்போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எந்த வீடியோக் கோப்பும் ஏதேனும் ஒரு முறையில் சுருக்கப்பட்டே இருக்கும். 2003இல் வந்த ஹெச்.264, 2013இல் வந்த ஹெச்இவிசி, 2018இல் வந்த ஏவி1 ஆகியவை இன்று பரவலாகப் புழங்குபவை. பார்க்கும் கருவிக்கு அந்த முறை புரியுமானால் சர்வர் கோப்பை அப்படியே அனுப்பிவிடும். அதற்குக் கார்டு எதுவும் வேண்டாம். கருவிக்குப் புரியாதபோதும், வெளியூரிலிருந்து பார்ப்பவரின் இணைய வேகம் போதாதபோதும், சர்வர் அந்தக் கோப்பை விரித்து வேறொரு முறையில் மீண்டும் சுருக்கி, படம் ஓடும்போதே அனுப்புகிறது. இதுவே டிரான்ஸ்கோடிங். மேடைப் பேச்சாளரின் அருகில் நின்று வரிக்கு வரி மொழிபெயர்ப்பவரின் வேலை போன்றது இது. அவையோருக்குப் பேச்சாளரின் மொழி தெரியுமானால் அவர் மேடையேற வேண்டியதே இல்லை.

ஆகவே கார்டைத் தேடுமுன், நம் வீட்டில் டிரான்ஸ்கோடிங் ஏன் நடக்கிறது என்று பார்ப்பதே முறை. சர்வரின் நிர்வாகப் பக்கம் அந்தக் காரணத்தைக் காட்டிவிடும். பல வீடுகளில் அது வெறும் வசன வரிகள்தான். ப்ளூரே வட்டுகளின் வசன வரிகள் எழுத்துகளாக இல்லாமல் படங்களாகப் பதிந்திருக்கும். தொலைக்காட்சிக்கு அவற்றைக் காட்டத் தெரியாவிட்டால், சர்வர் ஒவ்வொரு சட்டகத்தின் மீதும் அவற்றைப் பதித்து வீடியோ முழுவதையும் புதிதாகச் சுருக்க நேர்கிறது. எழுத்து வடிவ வசனக் கோப்பு ஒன்றைச் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் அந்தச் சுமை மறைந்துவிடும். ஒலி வடிவம் மட்டும் பொருந்தாவிட்டால் ஒலி மட்டுமே மாற்றப்படும். பழைய பிராசஸருக்கும் அது பெரிய வேலையன்று. ஹெச்இவிசி தெரியாத பழைய தொலைக்காட்சிக்கு, அதில் செருகும் சிறிய ஸ்ட்ரீமிங் கருவி ஒன்றே போதும். அதன் விலை எந்த நல்ல கார்டின் விலையையும் விடக் குறைவு.

இத்தனைக்குப் பிறகும் டிரான்ஸ்கோடிங் தேவைப்படும் வீடுகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. வெளியூரில் படிக்கும் பிள்ளை பார்க்க வேண்டியிருக்கும். கைப்பேசி இணைப்பு மெதுவாக இருக்கும். அப்போதும் கடைக்குப் போகுமுன் வீட்டிலுள்ள பிராசஸரின் பெயரைப் பாருங்கள். இன்டெல் நிறுவனம் 2011 முதல் குயிக் சிங்க் என்ற பெயரில் வீடியோவுக்கான தனிச் சுற்றைத் தன் பிராசஸர்களுக்குள் வைத்து வருகிறது. 2017இல் பரவலான ஏழாம் தலைமுறையிலிருந்து அது பத்து பிட் ஹெச்இவிசியையும் கையாள்கிறது. 2023இல் வந்த என்100 என்ற சிறிய பிராசஸரின் வடிவமைப்பு அளவே 6 வாட்தான்; ஒரு குடும்பத்தின் தேவைக்கு அதுவே தாங்கும். மேசைக் கணிப்பொறிக்கான இன்டெல் பிராசஸரின் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால் மட்டும் அதில் இந்த வசதி இராது.

இனி கார்டுக்கே வருவோம். விலை உயர்ந்த கார்டு வேலையையும் உயர்வாகச் செய்யும் என்று நினைப்பது இயல்பு. இந்த விஷயத்தில் அது பொருந்தாது. வீடியோவைச் சுருக்கும் சுற்று, விளையாட்டுகளுக்கான கணக்கீட்டுப் பகுதியிலிருந்து வேறானது. என்விடியா அதை 2012இல் என்வென்க் என்ற பெயரில் கொண்டுவந்தது. ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு 2022இல் 1599 டாலருக்கும், 4060 கார்டு 2023இல் 299 டாலருக்கும் விற்பனைக்கு வந்தன. இரண்டிலும் இருப்பது ஒரே தலைமுறைச் சுற்று. பெரியதில் அது இரண்டு எண்ணிக்கையில் இருக்கிறது, அவ்வளவே. மீதிப் பணம் விளையாட்டுக்கும் பெருங்கணக்குகளுக்கும் போகிறது.

மலிவானதை வாங்கித் தப்பித்துக்கொள்ளலாம் என்றால் அங்கும் பள்ளங்கள் உண்டு. 2017இல் வந்த ஜிடி 1030 கார்டில் வீடியோவைச் சுருக்கும் சுற்றே கிடையாது. 2022இல் ஏஎம்டி வெளியிட்ட ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இரண்டிலும் கிடையாது. அட்டைப்பெட்டியின் முகப்பில் இதை யாரும் அச்சிடுவதில்லை. அதே 2022இல் வந்த இன்டெல் ஆர்க் ஏ380, சிறிய விலையில் ஏவி1 வரை சுருக்கக்கூடியது. ஆனால் பயாஸில் மின்சிக்கன அமைப்புகளைச் சரிசெய்யாவிட்டால் சும்மா இருக்கும்போதே கூடுதலாக மின்சாரம் குடிக்கும். சர்வர் இரவும் பகலும் ஓடுவது. கூடுதலாக 20 வாட் என்றாலும் இரண்டு மாத மின்கணக்கில் ஏறக்குறைய 29 யூனிட் ஏறிவிடும். மென்பொருளுக்கும் ஒரு விலை உண்டு. ப்ளெக்ஸில் கார்டின் உதவியைப் பெறச் சந்தா கட்ட வேண்டும். 2018இல் கிளைத்த ஜெல்லிஃபின் கட்டற்ற மென்பொருள். அதில் அது இலவசம்.

இதுவரை சொன்னவை பணத்தைப் பற்றியவை. நான் இதை எழுத நேர்ந்த காரணம் வேறு.

எங்கள் வீட்டில் 1991ஆம் ஆண்டுத் திருமணம் ஒன்றின் விஹெச்எஸ் நாடா இருந்தது. பூஞ்சை படரத் தொடங்கியிருந்த அதைச் சில ஆண்டுகளுக்கு முன் கணிப்பொறிக்கு ஏற்றினேன். இழப்பில்லாத வடிவம் என்பதால் மணிக்கு முப்பது ஜிபிக்கு மேல் இடம் பிடித்தது. பிறகு ஒரு கார்டு வாங்கினேன். அதன் வேகம் என்னை மயக்கிவிட்டது. ஒரே இரவில் எல்லாப் பதிவுகளையும் ஹெச்இவிசிக்கு மாற்றினேன். அளவு பத்தில் ஒரு பங்காகியும் கைப்பேசியில் பார்க்க நன்றாகவே இருந்தன. மூலக் கோப்புகளை அழித்தேன். நாடாவை முன்பே எறிந்திருந்தேன்.

அந்த நாடாவில் நொடிக்கு 25 சட்டகங்கள். ஒவ்வொரு சட்டகமும் அடுத்தடுத்த இரு கணங்களின் பாதிப் படங்களால் ஆனது. அதாவது நொடிக்கு 50 அசைவுகள். நான் தேர்ந்த அமைப்பு அவற்றை இரண்டிரண்டாகக் கலந்து ஒன்றாக்கிவிட்டது. பழைய நாடாவுக்கே உரிய புள்ளிகளைக் குறைந்த பிட் அளவில் சுருக்கியபோது, அவற்றோடு முகங்களின் நுட்பமும் மழுங்கிப்போனது. பெரிய திரையில் பார்த்தபோதுதான் தெரிந்தது. திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டி, யாரோ அழைக்கத் திரும்பிப் பார்க்கிறார். அந்தத் திரும்பலில் அவர் முகம் இரட்டை நிழலாக, மெழுகில் செய்தது போலத் தெரிகிறது. அசையும் பாட்டியை நாங்கள் பார்க்கக்கூடிய ஒரே இடம் அதுதான். கார்டின் மேல் குற்றமில்லை. நான் சொன்னதைத்தான் அது செய்தது. விரைவாகப் பேசிவிட்டுப் போக வேண்டிய மொழிபெயர்ப்பாளரின் குறிப்பை வைத்துக்கொண்டு மூல நூலை எரித்தவன் நான்.

ஏடுகளைப் பெயர்த்தெழுதிய காலத்திலும் இது நடந்ததே. நகலெடுத்தவரின் கைப்பிழை அடுத்த நகலுக்குப் போனது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஊர்களின் ஏடுகளை ஒப்பிட்டே பாடத்தைத் திருத்த முடிந்தது. ஏடுகள் பல இருந்தன என்பதால் அது இயன்றது. குடும்ப வீடியோவுக்கு ஒரே ஏடுதான்.

ஆகவே என் கருத்து இது. டிரான்ஸ்கோடிங் என்பது அப்போதைக்குப் பார்த்துவிட்டு மறக்க வேண்டிய நகலை ஆக்கும் தொழில். அதற்குச் சிறிய சுற்றே போதும். பெரும்பாலும் அது நம் வீட்டிலேயே இருக்கிறது. நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் வெளியிலிருந்து பார்க்கிறார்கள், பிராசஸரும் பழையது என்றால் கார்டு வாங்குங்கள். சிறியதாக, சுருக்கும் சுற்று உண்டா என்று உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். ஆனால் அந்தப் பணத்தில் முதலில் இரண்டு வன்தட்டுகள் வாங்கி, மூலப் பதிவுகளை இரண்டிலும் எழுதி, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். இடம் போதவில்லை என்றால் கடையில் மீண்டும் கிடைக்கும் திரைப்படங்களைச் சுருக்குங்கள். எங்கும் கிடைக்காதவற்றில் கை வைக்காதீர்கள்.

கேட்ட மூவரில் ஒருவர் நான் சொன்னதைக் கேட்காமல் பெரிய கார்டையே வாங்கிவிட்டார், மகன் விளையாடுகிறானாம். இன்னொருவர் வசனக் கோப்புகளை மாற்றியதோடு நிறுத்திக்கொண்டார். மூன்றாமவர் தம் தந்தையின் நாடகப் பதிவுகள் உள்ள பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறார். நாடாக்கள் நல்ல நிலையில் இருக்கின்றனவாம். எறிந்துவிட வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.