கைமாற வேண்டிய உயரம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

விஞ்ஞானம் வளர்ந்த இந்நாளில் விமானம் பெரும்பாலும் தானே பறக்கிறது. மேலே ஏறிய சற்று நேரத்தில் விமானி ‘ஆட்டோபைலட்’ என்னும் தானியங்கிக் கருவியிடம் வேலையை ஒப்படைக்கிறார். திசை தவறாமல், உயரம் மாறாமல் அது ஓட்டிச் செல்கிறது. அத்தனை திறமையுள்ள கருவியை, தரை நெருங்கும்போது குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே பயன்படுத்தக்கூடாது என்று ஏன் வரம்பு கட்டினார்கள்? வீண் கட்டுப்பாடு என்பாரும் உண்டு. அந்த வரம்பு மிக அவசியமானது; ஆனால் அது மட்டும் போதாது என்பதே என் கருத்து.

சோதனைப் பறப்பின்போது தானியங்கியில் வேண்டுமென்றே கோளாறு உண்டாக்குகிறார்கள். விமானி அதை உணர்ந்து, தம் கையில் வாங்கி நிமிர்த்துவதற்குள் விமானம் எத்தனை அடி இறங்குகிறது என்று அளக்கிறார்கள். அந்த இழப்பைப் போல் இரு மடங்கை அமெரிக்க விதி ஒன்று அளவுகோலாகக் கொண்டது. மனிதன் சுதாரிக்க ஆகும் நேரத்தையே அடிக்கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள்!

சி.ஆர்.ஜே. 200 என்ற சிறிய ஜெட் விமானத்தை எடுத்துக்கொள்வோம். ஓடுபாதையருகிலிருந்து வரும் ரேடியோ அலைகள் நேர்ப்பாதையையும் இறங்கும் சரிவையும் காட்டும் ஐ.எல்.எஸ். முறையில், 80 அடி வரை தானியங்கியை வைத்துக்கொள்ளலாம். சரிவைக் காட்டும் அலை இல்லாவிட்டால் 400 அடியிலேயே விட்டுவிட வேண்டும். நம் ராஜகிரி ஏறத்தாழ 800 அடி. நாம் மூச்சிரைக்க ஏறும் அந்த உயரத்தை, நிமிடத்துக்கு 700 அடி இறங்கும் விமானம் 70 விநாடிக்குள் கடந்துவிடும். 80 அடிக்கு ஏழே விநாடி!

இந்த விநாடிகளின் அருமையை நம் நாடு கண்ணீர் சிந்திக் கற்றது. 1990 பிப்ரவரி 14 அன்று பம்பாயிலிருந்து பெங்களூர் வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ320 விமானம், ஓடுபாதையை எட்டுமுன்பே கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் மாண்டனர். என்ஜின் விசையைத் தானே கவனிக்கும் அமைப்பு விசையைக் குறைத்தே வைத்திருந்ததையும், வேகம் தளர்ந்துகொண்டே போனதையும் விமானிகள் உரிய நேரத்தில் உணரவில்லை. இன்னும் ஆட்டோபைலட்டில்தான் போகிறோமா என்று கடைசி விநாடிகளில் ஒருவர் கேட்டார். நிறுத்தியாயிற்று என்று மற்றவர் சொன்னார். எண்ணிப் பாருங்கள், விமானம் யார் கையில் என்ற கேள்வி எழவேண்டிய இடமா அது? கருவியை நிறுத்தியதாலேயே பொறுப்பு மனிதனிடம் வந்துவிடுவதில்லை.

அப்படியானால் தரை வரை கருவியே இறக்கட்டுமே என்று சிலர் வாதிடலாம். டெல்லியின் மூடுபனியில் அவ்வாறு இறங்குவதும் உண்டு. அதற்கு உயர்தர ஐ.எல்.எஸ்., அதற்கேற்ற விமானம், தனிப் பயிற்சி பெற்ற விமானிகள் எல்லாம் வேண்டும். 2024 டிசம்பரில் மீண்டும் விமானப் போக்குவரத்து தொடங்கிய நம் அண்டை ஊரான புதுச்சேரியின் ஓடுபாதை சுமார் 1500 மீட்டர்தான். இத்தகைய சிறு நிலையங்களில் விமானியின் கையும் கண்ணுமே கடைசித் துணை.

எனவே, வானிலை நன்றாயிருக்கும் நாட்களில் கையால் ஓட்டிப் பழக விமானிகளுக்கு நிறுவனங்கள் இடம் தரவேண்டும். கடைசி அடி வரை காத்திராமல் முன்னதாகவே பொறுப்பேற்று, அதை வாய்விட்டுச் சொல்வது பழக்கமாக வேண்டும். சிறு நிலையங்களுக்கும் சரிவு காட்டும் சாதனங்களை அரசு அமைத்துத் தரவேண்டும்.

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறை நான். விமானத்தில் இதுவரை ஏறியதில்லை. ஆயினும் பிழைப்புக்காக வளைகுடா நாடுகளுக்குப் பறக்கும் நம் வட்டாரத்து இளைஞர்கள் பலர். அவர்கள் பத்திரமாகத் தரை தொட, அந்த ஏழு விநாடியில் விழித்திருக்கும் ஒரு மனிதர் தேவை.