மூன்று வருடமும் மூன்று நாளும்

கன்ஃபூசியஸின் மாணவர்களில் சாய் வோ என்று ஒருவர் உண்டு. பகலில் தூங்கிக் குருவிடம் திட்டு வாங்கியவர். (அந்த வகையில் எல்லா வகுப்புக்கும் சொந்தக்காரர்!) ஒருநாள் அவர் குருவிடம் ஒரு கேள்வி கேட்டார். அப்பா அம்மா இறந்தால் எதற்கு மூன்று வருடம் துக்கம் காக்க வேண்டும், ஒரு வருடம் போதாதா? அவர் சொன்ன காரணங்களும் லேசானவை இல்லை. மூன்று வருடம் சங்கீதத்தைத் தொடாவிட்டால் சங்கீதம் மறந்து போகும். ஒரு வருடத்தில் பழைய தானியம் தீர்ந்து புதுத் தானியமே வந்துவிடுகிறது.

குரு தடுக்கவில்லை. ஒரு வருடத்தில் நல்ல சாப்பாடும் பட்டுத் துணியும் உன் மனசுக்கு ஒப்புமென்றால் அப்படியே செய்துகொள் என்கிற மாதிரி சொல்லி அனுப்பிவிட்டார். மாணவர் போன பிறகுதான் வருத்தப்பட்டார். பிறந்த பிள்ளை பெற்றவர்கள் கையை விட்டு இறங்க மூன்று வருடம் ஆகிறது. அந்த மூன்று வருடத்தைத் திருப்பித் தருவதுதான் இது என்பது அவர் கணக்கு.

இந்த விவாதத்தில் கடைசியில் ஜெயித்தவர் சாய் வோதான். அவர் கேட்டதை விடவே அதிகமாகக் கிடைத்துவிட்டது. சீனாவில் 1980-ல் போட்ட விதியின்படி, அரசு நிறுவன ஊழியருக்கு அப்பாவோ அம்மாவோ கணவனோ மனைவியோ பிள்ளையோ இறந்தால் ஒன்றிலிருந்து மூன்று நாள் லீவு. மூன்று வருடம் மூன்று நாளாகிவிட்டது.

‘மூட வழக்கம் ஒழிந்தது, நல்லது’ என்று சொல்லத் தோன்றும். பாதி சரி. அந்த மூன்று வருடம் (நடைமுறையில் 27 மாதம்) சாதாரண விஷயமில்லை. ஓரம் தைக்காத முரட்டுச் சணல் துணி உடுத்த வேண்டும். இறைச்சி, மது, கல்யாணம் எதுவும் கூடாது. அரசு அதிகாரி என்றால் பதவியை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட வேண்டும். பெற்றவர் செத்ததை மறைத்துப் பதவியில் ஒட்டிக்கொண்டிருப்பது சட்டப்படி பெரிய குற்றம். 1577-ல் மிங் பேரரசின் முதன்மை அமைச்சர் ஜாங் ஜூஜெங்கின் அப்பா இறந்தார். பேரரசர் வான்லி அப்போது சிறுவன். அமைச்சர் இல்லாமல் ஆட்சி ஓடாது. அதனால் விதிவிலக்குக் கொடுத்தார்கள். இது அநியாயம் என்று எழுதிய அதிகாரிகளுக்குப் பிரம்படி. அந்த விதிவிலக்குக்கு ஒரு பெயர் உண்டு, ‘உணர்வைப் பறித்தல்’ என்று அர்த்தம் வரும். விதியை வளைத்தவர்களே வைத்துக்கொண்ட பெயர்! துக்கப்படுவது மகனின் கடமை மட்டுமில்லை, அவனுக்குச் சேர வேண்டிய உரிமையும்தான் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

மூன்று நாள் லீவில் காணாமல் போனது இந்த இரண்டாவது பாதிதான். நாள் கணக்கு எதற்கு என்று புரிய, அதை இன்னும் விடாமல் வைத்திருக்கும் தாய்லாந்தைப் பார்க்க வேண்டும்.

தாய்லாந்தில் ஒருவர் இறந்தால் முதலில் வந்தவர்கள் வரிசையாக நின்று அவருடைய வலது உள்ளங்கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றுவார்கள். தெரிந்தோ தெரியாமலோ செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்பது அது. பிறகு உடல் பெட்டிக்குள் போகும், பெட்டி விகாரை மண்டபத்துக்குப் போகும். அங்கே மூன்று, ஐந்து அல்லது ஏழு இரவுகள் நான்கு பிக்குகள் உட்கார்ந்து அபிதம்மம் ஓதுவார்கள். ஓதுவது பாலி மொழியில். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் புரியாது. புரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. கைகூப்பி உட்கார்ந்திருப்பார்கள், இடைவேளையில் குசுகுசுவென்று பேசுவார்கள், முடிந்ததும் கஞ்சியோ பலகாரப் பெட்டியோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இதில் அழகு என்னவென்றால் ஒவ்வோர் இரவையும் வேறு வேறு ஆட்கள் ஏற்றுக்கொள்வது. ஓர் இரவு அலுவலக நண்பர்கள், ஓர் இரவு மாமன் வீட்டார், ஓர் இரவு பழைய பள்ளிக்கூடத் தோழர்கள். அடக்கம் முடிந்ததும் ஊரே கலைந்து, வீட்டில் இரண்டு பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த முதல் வாரம் அவர்களுக்குக் கிடையாது.

தகனத்தன்று பெட்டியை மூன்று முறை இடப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோய், எல்லோரும் மரச்சீவலில் செய்த சின்னப் பூ ஒன்றை வைப்பார்கள். வெள்ளிக்கிழமை தகனம் செய்யமாட்டார்கள். தாய் மொழியில் வெள்ளியும் ‘சுகமும்’ காதுக்கு ஒரே சொல். சுக நாளில் துக்கம் எதற்கு என்று ஒரு கணக்கு. மகனோ பேரனோ அன்று ஒருநாள் மட்டும் தலைமழித்துத் துறவியாவதும் உண்டு. ஏழாம் நாள், ஐம்பதாம் நாள், நூறாம் நாள் என்று மறுபடி மறுபடி கூடுவார்கள். சில குடும்பங்கள் தகனத்தையே நூறு நாள் வரை தள்ளிப் போடும்.

வந்தவர்கள் கையில் ஒரு புத்தகம் கொடுத்து அனுப்பும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இருக்கிறது. இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்போடு அவருக்குப் பிடித்த ஏதாவது சேர்த்து அச்சடிப்பார்கள்: தர்ம உபதேசம், பழைய சரித்திரம், சில நேரம் அவருடைய சமையல் குறிப்புகள்! தாய் சமையலின் பழைய பக்குவங்கள் பல இன்று கிடைப்பதே இந்தச் சாவு வீட்டுப் புத்தகங்களில்தான். பாட்டி போய்விட்டாள், அவள் வைத்த குழம்பு நூறு வீட்டு அடுப்பில் கொதிக்கிறது. கல்லறைக் கல்லால் இது முடியுமா?

தாய்லாந்துச் சீனர்கள் இன்னும் ஒரு படி மேலே. பல வீடுகளில் பிக்குகளின் ஓதலும் நடக்கும், ‘கோங்தேக்’ என்கிற சீனச் சடங்கும் நடக்கும். காகிதத்தில் வீடு, கார், வேலைக்காரர்கள் செய்து எரிப்பார்கள். ஒரு சின்னப் பாலம் கட்டி, இறந்தவரை மறுகரைக்கு வழியனுப்பக் குடும்பமே அதன்மேல் நடந்து காசு போடும். சீனாவிலும் பெட்டிக்குப் பக்கத்தில் இரவு முழுக்க ஆள் இருக்க வேண்டும், தூக்கம் வராமலிருக்கச் சீட்டு, மாஜோங். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குச் ‘சாவு வீட்டில் சூதாட்டமா?’ என்று இருக்கும். பிணத்தையும் பிணத்தின் பிள்ளைகளையும் தனியாக விடாமலிருக்க இதைவிடச் சுலபமான வழி என்ன?

செலவு? உண்டு, தாராளமாக உண்டு. ஆடம்பர அடக்கத்தையும் நீண்ட துக்கத்தையும் கடுமையாகத் தாக்கி மோட்சி எழுதியதே கிறிஸ்துவுக்கு முன். யார் வீட்டுச் சாவுக்குக் கூட்டம் அதிகம் என்ற போட்டி இன்றும் சீனக் கிராமங்களில் இருக்கிறது. கூட்டம் சேர்க்க ஆபாச நடனம் வைக்கும் அளவுக்குப் போய், 2015-ல் கலாச்சார அமைச்சகமே நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் வெட்டுவதில் யாருக்கும் வருத்தமில்லை.

ஆனால் வெட்டுகிறவர்கள் அதோடு நிற்பதில்லையே. 1956-ல் மாவோவும் மற்றத் தலைவர்களும் தகனத்தை ஆதரித்துக் கையெழுத்துப் போட்டார்கள். நிலம் மிச்சமாகும், மரம் மிச்சமாகும், எல்லாம் சரி. (மாவோவின் உடல் மட்டும் 1977-லிருந்து பெய்ஜிங்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.) கிராமத்துப் பெரியவர்கள் அறுபது வயதிலேயே தங்கள் சவப்பெட்டியைச் செய்து, அரக்குப் பூசி, வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். ஆயுள் கூடும் என்று ஒரு நம்பிக்கை. 2014-ல் ஆன்ஹுய் மாகாணம் ஆன்ச்சிங்கில், ஜூன் 1-க்குப் பிறகு இறப்பவர்களுக்குத் தகனம்தான் என்று அறிவித்தார்கள். அந்தத் தேதிக்கு முன்பே தற்கொலை செய்துகொண்ட முதியவர்களைப் பற்றிச் செய்திகள் வந்தன. 2018-ல் ஜியாங்சி மாகாணத்தில் அதிகாரிகள் வீடு வீடாகப் போய்ச் சவப்பெட்டிகளைப் பறித்து இயந்திரத்தால் நொறுக்கினார்கள். தடுக்கப் பெட்டிக்குள்ளேயே ஏறிப் படுத்துக்கொண்ட கிழவர்களின் படங்கள் வெளியாகி, கட்சிப் பத்திரிகையே கண்டிக்கும்படி ஆனது. அந்த மரப்பெட்டியால் நாட்டுக்கு வந்த நஷ்டம் என்ன?

தாய்லாந்தில் இதற்கு நேர்மாறு. மன்னர் பூமிபோல் 2016 அக்டோபர் 13-ல் இறந்தபோது அரசு ஊழியர்கள் ஒரு வருடம் கறுப்பு உடுத்த உத்தரவு. மக்களின் துக்கம் நடிப்பில்லை. லட்சக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். கறுப்புத் துணி கிடைக்காமல் அண்டாவில் சாயம் காய்ச்சினார்கள். ஆனால் கறுப்பு போடாதவர்களைத் தெருவில் மடக்கித் திட்டியதும் அதே வாரங்களில்தான் நடந்தது. ஒருவன் எத்தனை நாள் அழலாம் என்று அரசு அளப்பதற்கும், இத்தனை நாள் அழுதே ஆக வேண்டும் என்று அரசு சொல்வதற்கும் பெரிய வித்தியாசமில்லை. கன்ஃபூசியஸ்கூட மாணவனைக் கட்டாயப்படுத்தவில்லை.

2020-ல் வூஹானில் கொரோனாவில் இறந்தவர்களுக்கு ஓர் இரவுகூடக் கிடைக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து நேராகத் தகனம். மார்ச் கடைசியில்தான் குடும்பங்கள் வரிசையில் நின்று சாம்பலை வாங்கின. கூடவே வேலை செய்யும் இடத்திலிருந்தோ குடியிருப்புக் குழுவிலிருந்தோ ஓர் ஆள் வர வேண்டும் என்ற நிபந்தனை பற்றிச் செய்திகள் சொல்லின. ஏப்ரல் 4, கல்லறைகளைக் கூட்டிப் பெருக்கிப் படையல் வைக்கும் ச்சிங்மிங் நாள். காலை 10 மணிக்கு நாடு முழுவதும் சைரன் ஒலித்தது, மூன்று நிமிட மௌனம். வூஹானின் இடுகாடுகள் அந்த மாதக் கடைசி வரை பூட்டியே இருந்தன.