பயன் தரும் கல்வியும் பாலாற்றங்கரையும்

முதுகலை முடித்த பிள்ளை முனைவர் பட்ட ஆய்வில் சேர விரும்பினால், "இன்னும் எத்தனை ஆண்டுகள் படிப்பு?" என்ற கேள்விதான் நம் வீடுகளில் முதலில் எழுகிறது. மகனுக்கு வளைகுடா வேலை நினைவூட்டப்படுகிறது. மகளுக்குத் திருமணம் நினைவூட்டப்படுகிறது. அந்த ஆய்வு யாருடைய துன்பத்தை நீக்கும் என்று கேட்போர் மிகச் சிலரே. நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

மனிதன் மரணித்த பின்னரும் அவனைத் தொடரும் நன்மைகளென நபி (ஸல்) அவர்கள் கூறிய மூன்றில், நிலையான தர்மத்துடன் பயன் தரும் கல்வியும் ஒன்று. கல்வி பயன் தருகிறதா என்பதை அறிய நமக்கு நெருக்கமான உரைகல், பாலாறு.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத் தோல் தொழில் பல தலைமுறைகளாக நம் சமுதாயத்துடன் பிணைந்தது. அதன் வருவாய் பள்ளிவாசல்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் துணை நின்றது. அதே தொழிலின் கழிவுநீரே கிணறுகளையும் விளைநிலங்களையும் கெடுத்தது. தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்று 1996ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டையும் அது நிலைநாட்டியது. தனக்கோ பிறருக்கோ தீங்கு விளைவித்தல் கூடாது என்பது இஸ்லாமியச் சட்டவியலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. எனவே அண்டை வீட்டாரின் கிணற்றைக் காப்பது, நீதிமன்றம் சொல்லும் முன்னரே நம்மீதுள்ள கடமை.

ஆலைகளை மூடினால் அவற்றை நம்பி வாழும் தொழிலாளர் குடும்பங்களின் நிலை என்ன என்று கேட்கப்படுகிறது. நியாயமான கேள்வி. மூடுவதும் அன்று, மாசுபடுத்துவதும் அன்று எனும் மூன்றாவது வழியை ஆய்வினால்தான் திறக்க முடியும். வழக்கமான முறையில், தோல் உட்கொள்ளாத குரோமியம் கழிவுநீருடன் வெளியேறுகிறது. சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், பதனிடும் கட்டத்தில் நீர் சேர்க்காமலேயே குரோமியத்தைத் தோலில் ஏற்றும் முறையை உருவாக்கியுள்ளது. அதனால் கழிவுநீரும் குறைகிறது. குரோமியச் செலவும் குறைகிறது.

ஆயினும் பணி முடிந்துவிடவில்லை. பச்சைத் தோல் கெடாதிருக்க இடப்படும் உப்பு, கழுவும் நீரில் கரைந்துவிடுகிறது. வழக்கமான சுத்திகரிப்பு அதை நீக்குவதில்லை. சவ்வுகளின் வழியே நீரைப் பிரித்து, எஞ்சியதை வற்றச் செய்தால் உப்புக் குவியல் மிஞ்சுகிறது. மாசு கலந்த அந்த உப்பை என்ன செய்வது? உப்பே இல்லாமல் தோலைப் பாதுகாக்கும் மலிவான வழி என்ன? சிறு ஆலைக்கும் கட்டுப்படியாகும் சுத்திகரிப்பு எது? இவை ஒவ்வொன்றும் ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குரியவை.

இக்கேள்விகளை நம் பிள்ளைகள் கையிலெடுக்க நாம் செய்ய வேண்டியவை உள்ளன. ஆலை உரிமையாளர்கள் ஆய்வாளருக்குத் தம் கதவுகளைத் திறந்து, கழிவுநீரை மறைக்காமல் காட்ட வேண்டும். பட்டப்படிப்புடன் நின்றுவிடும் ஜமாஅத்தின் கல்வி உதவி, ஆய்வு மாணவர்களையும் எட்ட வேண்டும். ஆய்வு முடிவுகள் ஆங்கில நூலகத்தில் உறங்காமல், தெளிந்த தமிழில் கிராமத்து விவசாயியையும் சென்றடைய வேண்டும். பெற்றோர், ஆய்வில் ஈடுபட்ட மகளின் படிப்பைத் திருமணத்திற்காகப் பாதியில் நிறுத்தாமல், அதை முடிக்கத் துணை நிற்கும் சம்பந்தத்தைத் தேட வேண்டும்.

திருமண அழைப்பிதழில் பெயருக்கு முன் அச்சாகும் 'முனைவர்' என்ற சொல் சில நாள் பெருமை. கெட்டுப்போன ஒரு கிணறு மீண்டும் குடிநீர் தருமானால், அதிலிருந்து பருகும் ஒவ்வொருவரின் தாகம் தணியும்போதும் அந்த ஆய்வாளருக்கு நன்மை எழுதப்படும், இன்ஷா அல்லாஹ். பயன் தரும் கல்வியை நம் சந்ததிகளுக்கு வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.