சொல் அச்சேறிற்று, இசை எங்கே?

ஆண்டுதோறும் நம் சங்க விழாக்களில் தமிழிசையின் தொன்மை பற்றி ஒருவரேனும் முழங்காமல் இருப்பதில்லை. யாழின் வகைகளும் பண்களின் பெயர்களும் ஒப்பிக்கப்படும், அரங்கம் கைதட்டும். அவ்வுரை முடிந்ததும் மேடையேறும் சிறுமி, நந்தனார் சரித்திரக் கீர்த்தனையிலிருந்து ஒரு பாட்டைப் பாட விரும்புகிறாள் என்று கொள்வோம். அவள் எந்த நூலைப் பார்த்து அதனைக் கற்பாள்? இக்கேள்வியை நம் சொற்பொழிவாளர்கள் எழுப்புவதில்லை. ஆதலின் நாம் எழுப்புகிறோம். சிலருக்கு இது கசக்கலாம். கசப்பது பற்றி நமக்குக் கவலையில்லை.

அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையும், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையும் கடைகளில் கிடைக்காத நூல்கள் அல்ல. மலிவு விலையிலும் பல பதிப்புகள் வந்துள்ளன. அவற்றைப் பிரித்தால் நாம் காண்பது என்ன? தலைப்பில் ஓர் இராகத்தின் பெயர், ஒரு தாளத்தின் பெயர். அதன்கீழ்ப் பல்லவி, அனுபல்லவி, சரணங்கள். அவ்வளவே. மெட்டு இல்லை. அலுவலகத்தில் பணிபுரியும் அன்பர்கள் இதன் பொருளை உடனே உணர்வர். “இணைப்பு காண்க” என்று எழுதி, இணைப்பை வைக்காமல் அனுப்பிவிட்ட கடிதம் போன்றவை இந்நூல்கள். தோடி என்று எழுதிவிட்டால் பாட்டு வந்துவிடுமா? ஒரே இராகத்தில், ஒரே தாளத்தில், ஒரே சொற்களுக்கு நூறு மெட்டுகள் அமைக்கலாம். அவற்றுள் பாரதியார் அமைத்தது எது?

பலமனேரில் வாழும் நமக்கு இக்குறை இரட்டிப்பாக உறைக்கிறது. நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கு படிக்கிறார்கள். பாட்டும் தெலுங்கறிந்த ஆசிரியர்களிடமே கற்கிறார்கள். தியாகராயரின் கிருதி என்றால் ஆசிரியர் சுரதாளக் குறிப்புள்ள புத்தகத்தை எடுத்து வைக்கிறார். பிள்ளை ஒருநாள் வரவில்லையெனினும் புத்தகத்தைப் பார்த்து வீட்டிலே பயிலலாம். தமிழ்ப் பாட்டு வேண்டுமென்று தாய் ஒருத்தி கேட்டால், “சுரம் எழுதிக் கொண்டு வாருங்கள் அம்மா, சொல்லித் தருகிறேன்” என்கிறார் அவர். அவர்மீது குற்றமில்லை. கொண்டுபோய்க் கொடுக்க நம்மிடம் ஏடு இல்லை என்பதுதான் குற்றம். இறுதியில் அத்தாய் கைப்பேசியில் ஒரு திரைப்படப் பாட்டைப் போட்டுக் காட்டி, “இதைப்போலப் பாடு” என்று குழந்தைக்குச் சொல்லுகிறாள்.

மேலை நாட்டார் இத்தகைய நூல்களை எவ்வாறு பேணினர் என்பதைச் சற்றே விரித்துரைக்க வேண்டும். அவர்களிடம் ‘ஓரட்டோரியோ’ என்றோர் இசைவடிவம் உண்டு. வேடமும் நடிப்பும் இன்றி, ஒரு திருக்கதையைத் தனிப்பாடகரும் குழுவினரும் பாடியே நடத்திச் செல்வது. நம் கதாகாலட்சேபத்தை அறிந்தவர்க்கு இது அயலான பொருள் அன்று. 1600 முதல் 1750 வரையுள்ள காலத்தைப் பரோக் காலம் என்பர். அக்காலத்து ஓரட்டோரியோக்களுள் பெரும்புகழ் பெற்றது ஹேண்டலின் ‘மெசையா’. 1741-இல் இயற்றப்பட்டு, 1742 ஏப்ரலில் டப்ளின் நகரில் அரங்கேறியது. நம் பலமனேர் பழைய ஆர்க்காட்டு மிஷன் நிலையங்களுள் ஒன்று. ஆதலால் இப்பெயர் இவ்வூர்க் கிறித்தவ அன்பர்களுக்குப் புதிதாக இராது.

ஹேண்டல் தம் கையால் எழுதிய மூலம் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அவர் நிகழ்ச்சி நடத்தப் பயன்படுத்திய படி ஆக்ஸ்போர்டில் இருக்கிறது. லண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென இருந்த மருத்துவ விடுதிக்குத் தம் விருப்ப ஆவணத்தின் வாயிலாக அவர் வழங்கிய படியும் உண்டு. இவை ஒன்றோடொன்று முற்றும் ஒத்தவை அல்ல. பாடகர் மாறியபோதெல்லாம் ஹேண்டல் பாட்டை மாற்றினார். 1750-இல் குவாடாக்னி என்ற பாடகருக்காகச் சில பகுதிகளைப் புதிதாகவே எழுதினார். ஆராய்ச்சிப் பதிப்பு என்பது இவ்வேறுபாடுகளை மறைத்து ஒரே பாடமாகக் காட்டுவது அன்று. இந்த இடத்தில் இந்தப் படி இவ்வாறு உள்ளது, அந்தப் படி அவ்வாறு உள்ளது, இன்ன காரணத்தால் இதனை ஏற்றோம் என்று ஒவ்வோர் அடிக்கும் கணக்குக் காட்டுவது. நம் கோப்புகளில் அடித்தல் திருத்தல் உள்ள இடமெல்லாம் சுருக்கொப்பமும் தேதியும் இடவேண்டும் என்பது விதி அன்றோ? அவ்விதியை இசைக்கு அவர்கள் கைக்கொண்டனர்.

இதனை அரசர்களும் பெருஞ்செல்வர்களும் செய்துமுடித்தனர் என்று எண்ணிவிடல் ஆகாது. கிரிசாண்டர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1858 முதல் ஹேண்டலின் நூல்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். ஹாம்பர்க் அருகே தம் வீட்டிலேயே அச்சுக்கூடம் வைத்தார். பணம் போதாதபோது தோட்டத்தில் விளைந்த காய்கனிகளை விற்றுச் செலவை ஈடுகட்டினார். அவர் பதிப்பிலும் பிழைகள் உண்டு. ஆகவே 1955-இல் ஹாலே நகரின் பெயரால் புதியதொரு பதிப்பு வரிசை தொடங்கப்பட்டு, அரை நூற்றாண்டுக்கும் மேலாக அப்பணி நடந்தது. ஒருவர் செய்ததை மற்றொருவர் திருத்துவதற்கேனும் முதலில் ஒருவர் செய்திருக்க வேண்டும்.

இனி நம் பக்கம் திரும்புவோம். ‘மெசையா’ டப்ளினில் அரங்கேறிய நாளில் அருணாசலக் கவிராயருக்கு வயது முப்பதை ஒட்டியிருக்கும். 1711-இல் தில்லையாடியில் பிறந்து சீகாழியில் வாழ்ந்தவர். இராம நாடகத்தைத் திருவரங்கத்தில் அரங்கேற்றியவர். இசையமைப்பில் அவருக்குத் துணை நின்றவர்கள் சட்டநாதபுரத்து மாணவர் இருவர் என்பர். இரு நாட்டிலும் ஏறத்தாழ ஒரே நூற்றாண்டு. ஒரே வகை முயற்சி. கதையைப் பாட்டாலே நடத்துவது. அங்கே ஒவ்வொரு சுரமும் ஏட்டில் நிற்கிறது. இங்கே, இராமன் மிதிலையில் சீதையைக் காணும் கட்டத்துப் பாட்டை இன்று பைரவியில் கேட்டு மகிழ்கிறோம். கவிராயர் காலத்தில் அது எவ்வாறு ஒலித்தது என்று காட்ட நம்மிடம் ஒரு வரிக் குறிப்பும் இல்லை. பழைய பதிப்புகளின் தலைப்பில் உள்ள இராகம் ஒன்றாகவும் மேடையில் கேட்பது வேறொன்றாகவும் இருக்கும் கீர்த்தனைகள் ஒன்றிரண்டல்ல.

நந்தனார் சரித்திரத்தின் கதையோ இன்னும் வருத்தந் தருவது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதன் சொற்பிழைகளைக் கண்டு சிறப்புப்பாயிரம் தரத் தயங்கியதும், பலமுறை நடந்து அலுத்த பாரதியார் திண்ணையில் அமர்ந்து பாட, அதைக் கேட்டு உருகிப் பாயிரம் தந்ததும் உ. வே. சாமிநாதையர் எழுதியதால் யாவரும் அறிந்த செய்தி. பாரதியாரின் பெருமைக்குச் சான்றாக மேடைகளில் இதனை எடுத்துரைப்போர் பலர். இதனுள் பொதிந்த மற்றோர் உண்மையை அவர்கள் காண்பதில்லை. கண்ணால் படித்தபோது குறையுடையதாகத் தோன்றிய நூல், காதால் கேட்டபோது மகாவித்துவானையும் கண்ணீர் விடச் செய்தது. எனின், நூலின் உயிர் எதில் இருந்தது? எதில் இருந்ததோ அதனை விட்டுவிட்டு, எதில் குறை கண்டாரோ அதனை மட்டும் 1860-களிலிருந்து இன்றுவரை அச்சிட்டுக்கொண்டே வருகிறோம்!

சாமிநாதையர் மாயூரத்தில் பாரதியாரிடமே சில காலம் இசை கற்றவர். தம் ஆசிரியருக்கு இசையில் பற்றில்லை என்றறிந்து அப்பயிற்சியை நிறுத்திக்கொண்டார். 1887-இல் சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் பாடபேதங்களோடு பதிப்பித்துத் தமிழைக் காத்த அப்பெருந்தகை, இசையிலும் அவ்வாறே ஒரு பதிப்புச் செய்திருந்தால் என்று எண்ணி ஏங்குவதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை. அவர் ஒருவரே எல்லாவற்றையும் செய்திருக்க வேண்டும் என்பது நேர்மையும் அன்று. பாரதியார் 1896-இல் மறைந்தார். அவர் பாடக் கேட்டவர்கள் அதன் பின்னரும் பல்லாண்டு வாழ்ந்திருப்பர். அவர்களிடம் முழுநூலையும் கேட்டு எழுதி அச்சிட்டார் உண்டோ?

முழுநூல் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கச்சேரியில் பாடப்படுபவை ஒரு பிடி கீர்த்தனைகளே. நூலிலோ வெண்பா, விருத்தம், நொண்டிச் சிந்து, இருசொல் அலங்காரம் என்று பல வடிவங்கள் விரவி வருகின்றன. சேக்கிழார் பாடாத வேதியர் என்னும் பண்ணையாரைப் பாரதியார் படைத்தார். அவருக்கும் நந்தனுக்கும் இடையே நடக்கும் வழக்கு, சேரி முதியோர் நந்தனுக்குச் சொல்லும் புத்தி, வயல், வேலை, அச்சம் ஆகிய அனைத்தும் இவ்விணைப்புப் பாட்டுகளில்தான் உள்ளன. அவை ஒலியிழந்தால் எஞ்சுவது தில்லைக்குப் போக விரும்பிய ஒரு பக்தனின் உருக்கம் மட்டுமே; அடிமைப்பட்ட உழவன் ஒருவன் எசமானிடம் விடைகேட்டு நின்ற கதை மறைந்துவிடும். அதன்மேல், 1942-இல் தண்டபாணி தேசிகர் நடித்த ‘நந்தனார்’ படத்தில் பாபநாசம் சிவன் உள்ளிட்டோர் எழுதிய பாட்டுகளும் சேர்ந்தன. அவை நல்ல பாட்டுகள். ஆயினும் எது பாரதியாருடையது, எது படத்திற்கென எழுதியது என்று நம் வீடுகளில் பிரித்தறிவார் எத்தனை பேர்?

“நம் இசை செவிவழி வந்தது, ஏட்டில் அடங்காது, கமகத்தை எழுத இயலுமா?” என்பது இசைவாணர் கூறும் தடை. இதற்கு விடை 1904-இலேயே தரப்பட்டுவிட்டது. அவ்வாண்டில் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’, கமகங்களுக்குத் தனித்தனி அடையாளங்களை வகுத்து முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைப் பதிவு செய்தது. தெலுங்கு எழுத்தில் அச்சான அந்நூலைச் சென்னை மியூசிக் அகாதெமி 1961 தொடங்கி 1983 வரை ஐந்து பகுதிகளாகத் தமிழில் வெளியிட்டது. அதன் தோற்றத்திற்குத் தூண்டுகோலாய் இருந்தவருள் ஒருவர் சின்னசாமி முதலியார். அவர் சென்னைத் தலைமைச் செயலகத்தில் கண்காணிப்பாளர். நம்மைப் போலக் கோப்புகளோடு உழன்றவர்தாம். கிறித்தவரான அவர், தியாகராயர் கிருதிகளை வாலாஜாபேட்டைச் சீடர் வழியினரிடம் கேட்டு, மேலைநாட்டு இசைக்குறியில் எழுதி, 1890-களில் அச்சிட்டார். மொகிலி மலைச்சாலையில் இறங்கிச் சித்தூரைக் கடந்தால் வாலாஜாபேட்டை நெடுந்தொலைவு அன்று. நேரமில்லை என்று சொல்லும் எழுத்தர் அன்பர்கள் இவரை நினைப்பார்களாக.

செப்பேட்டிற்கும் காகிதத்திற்கும் வேறுபாடில்லை என்பதை 2022 வரை நம் மாவட்டத்தில் இருந்த மலையே காட்டும். அன்னமாசாரியரின் பாடல்கள் 12,000-க்கு மேல், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலையில் காக்கப்பட்டன. அவற்றை வெளிக்கொணர்ந்து பதிப்பித்த தெலுங்கு அறிஞர்களையும் தேவஸ்தானத்தையும் நாம் வணங்குகிறோம், பொறாமையும் கொள்கிறோம். எனினும் செப்பேட்டில் இராகத்தின் பெயர் மட்டுமே இருந்தது, மெட்டு இல்லை. ஆகவே ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலியோர் 20-ஆம் நூற்றாண்டில் புதிய மெட்டு அமைக்க நேர்ந்தது. செம்பில் வெட்டியும் இசை எஞ்சவில்லை எனின், காகிதத்தில் சொல்லை மட்டும் அச்சிட்டு எதனைக் காக்கப் போகிறோம்?

மற்றொரு தடை உண்டு. “மூலமெட்டு மறைந்துவிட்டது, இனிப் பதிப்பு எதற்கு?” என்பது. மூலம் கிடைக்காவிடில், கிடைப்பதைக் கிடைத்தவாறே குறிப்பதற்கு என்ன தடை? இன்ன பரம்பரையில் வந்த இன்னார், இன்ன ஆண்டில், இவ்வாறு பாடினார் என்று எழுதுவோம். இரு மெட்டுகள் இருப்பின் இரண்டையும் தருவோம். ஒன்றும் கிடைக்காத பாட்டின்கீழ் இடத்தை வெறுமையாக விட்டு, கிடைக்கவில்லை என்று பொறிப்போம். பாடகர் இராகத்தை மாற்றுவதை நாம் எதிர்க்கவில்லை. ஹேண்டலின் ‘மெசையா’வை மொசார்ட்டும் 1789-இல் மாற்றியமைத்தார். ஆயினும் மொசார்ட் கைவைத்த இடம் எது, ஹேண்டல் எழுதியது எது என்பதை அந்நாட்டு மாணவன் இரு நூல்களையும் விரித்துக் கண்டுகொள்வான்.

1940-களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரதாளக் குறிப்புடன் பல தொகுதிகளாக வெளியிட்டது பெரும்பணி. நம் மண்ணில் புங்கனூரில் பிறந்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அப்பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவர் என்பதில் நமக்குப் பெருமையும் உண்டு. ஆயின் அத்தொகுதிகள் தெரிந்தெடுத்த பாடல்களின் திரட்டுகள். ஒரு நூலை முதலிலிருந்து இறுதிவரை பாடபேதத்தோடு தருவன அல்ல. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன் இட்ட அடித்தளத்தின்மேல் சுவர் எழுப்பாமல், அடித்தளத்தைச் சுட்டிக்காட்டியே விழா எடுத்து வருகிறோம்.

பணம் எங்கே என்பர். இம்மலரின் விளம்பரப் பக்கங்களை எண்ணிப் பாருங்கள். மாலைக்கும் பொன்னாடைக்கும் வண்ணப்படத்திற்கும் ஆண்டுதோறும் நாம் செலவிடும் தொகையைக் கணக்கேடு அறியும். ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் பிற இடங்களிலும் உள்ள தமிழ்ச் சங்கங்கள் ஆளுக்கொரு சிறுதொகை ஒதுக்கினால், நந்தனார் சரித்திரம் ஒன்றையேனும் தொடங்கலாம். பழைய அச்சுப் பிரதிகளைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் தேட இளைஞர் இருவர் போதும். பழைய முறையில் காலட்சேபம் செய்யும் முதியோர் எங்கே உள்ளனர் என்று விசாரித்துச் சென்று, ஒலிப்பதிவு செய்ய ஒரு கைப்பேசி போதும். சுரப்படுத்த மட்டும் தேர்ந்த வித்துவான் வேண்டும். அவருக்குத் தக்க ஊதியம் கொடுக்கவேண்டும், பொன்னாடை அன்று. நூலில் சுரங்கள் தமிழ் எழுத்தோடு தெலுங்கு எழுத்திலும் இருத்தல் நலம். நம் பிள்ளைகளின் ஆசிரியருக்கும் அது உதவும்.

நம் சங்கத்து மூத்த உறுப்பினர் ஒருவர் நொண்டிச் சிந்துப் பகுதிகளைத் தம் பாட்டனாரிடம் கேட்டவாறே பாடுவார். சென்ற ஆண்டு அவர் பாடியபோது உணவுப் பந்தி தொடங்கிவிட்டதால் பாதியில் நிறுத்தச் சொன்னோம். அவருக்கு வயது எண்பத்து நான்கு. அடுத்த பொதுக்குழுவுக்குமுன் அவர் இல்லத்திற்குச் சென்று முழுவதையும் பதிவு செய்வதென்றும், அதற்கான செலவை இம்மலர்க் கணக்கின் மிச்சத்திலிருந்து ஈடுசெய்வதென்றும் ஒரு தீர்மானத்தை எழுத்தில் செயலாளரிடம் கொடுத்துள்ளோம். வழிமொழிய ஒருவர் தேவை.