மூன்று நிமிஷ நியாயம்

உலகத்தில் அநியாயங்கள் பல உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மாநாடு கூட்டுகிறார்கள், தீர்மானம் போடுகிறார்கள். ஆனால் சுமாராகக் கோல்ப் ஆடுகிற மனிதருக்கு 2019-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் இழைக்கப்பட்ட அநியாயத்தைப் பற்றி வாயைத் திறப்பார் யாருமில்லை. ஆகவே நாம் திறக்கவேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். அடித்த பந்து புதருக்குள் போய்விட்டால், அதைத் தேடுவதற்கு முன்பெல்லாம் 5 நிமிஷம் அவகாசம் உண்டு. ஸ்காட்லாந்திலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் பெரியவர்களும் அமெரிக்கச் சங்கத்தாரும் கலந்து யோசித்து, ஆட்டம் சுருக்காக முடியவேண்டும் என்று அதை 3 நிமிஷமாகக் குறைத்துவிட்டார்கள். அதற்குள் பந்து அகப்படாவிட்டால் கணக்கில் ஒன்று கூடும். முன்யோசனையாக வேறொரு பந்தை அடித்து வைத்திராதவர், முதலில் அடித்த இடத்துக்கே திரும்ப நடந்துபோய் மறுபடி அடிக்கவேண்டும்.

கெட்டிக்கார ஆட்டக்காரருக்கு இதனால் நஷ்டமில்லை. அவருடைய பந்து புதருக்குள் போவதே அபூர்வம். போனாலும் வேடிக்கை பார்க்க வந்த ஜனங்கள் ஆளுக்கொரு பக்கமாய்த் தேடிக் கொடுப்பார்கள். பையைச் சுமந்து வருகிற கேடியும் ஓடுவான். (போலீஸ் ஜாபிதாவில் இருக்கிற கேடி அல்ல, இவன் சாது.) நம்முடைய மனிதரோ தன்னந்தனியாக முள்ளுக்குள் நுழையவேண்டும். வீட்டில் அலமாரிச் சாவியைத் தேடச் சொன்னால் அரை நிமிஷத்தில் கையை விரித்துவிடுகிறவர், இங்கே முழங்காலிட்டு ஒவ்வொரு புல்லாக விலக்குவதைப் பார்த்தால் கல்லும் கரையும்.

புதிதாய்க் கற்றுக்கொள்கிறவருக்கு இந்த வேதனை கிடையாது. பந்து நகர்ந்தாலே அவருக்கு ஆனந்தம். சுமார் ஆட்டக்காரருக்குத்தான் சோதனை. சட்டம் 14 கோல்கள் வரை அனுமதிக்கிறது. அவர் பதினாலையும் சுமக்கிறார். அவற்றில் ஒன்றின்மேல்தான் அவருக்கு நம்பிக்கை. அதையும் அன்றைக்குப் பார்த்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பார். பந்து 1.68 அங்குலம், குழி 4¼ அங்குலம், நடுவே 400 கஜம். பதினேழு குழிகளில் மானம் போன பிறகு, பதினெட்டாவதில் ஒரே ஒரு அடி வானத்தைக் கிழித்துக்கொண்டு நேரே போய் விழும். அது மட்டும் விழாதிருந்தால் அன்றைக்கே கோல்களை விற்றுவிட்டு நிம்மதியாக இருப்பார். 1457-ம் வருஷத்தில் ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ், ஜனங்கள் வில்வித்தை பழகவேண்டும் என்று இந்த ஆட்டத்தையே தடை செய்தார். அவரை யாரும் கருணாமூர்த்தி என்று சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம்.

கொடைக்கானல் மைதானத்தில் காட்டெருமைகள் மேய வருவதுண்டு. பந்து ஒரு காட்டெருமையின் காலடியில் போய் நின்றால் சட்டம் உடனே இளகிவிடுகிறது. ஆபத்தான பிராணி அருகிலிருந்தால் அபராதமில்லாமல் வேறு இடத்திலிருந்து ஆடலாம். எருமையைக் கண்டு இரங்குகிற சட்டம், மனிதரைக் கண்டு இரங்கக்கூடாதா?

இன்னொன்று. நம்மவர் ஆடும் இடத்தில் அம்பயர் கிடையாது. கணக்கு எழுதுகிற நண்பர் எங்கோ தூரத்தில் நிற்கிறார். நாலாவது நிமிஷத்தில் பந்து கண்ணில் படுகிறது. கடிகாரம் அவருடைய கையில்தான் இருக்கிறது. என்ன செய்வார்?

1925-ம் வருஷத்து அமெரிக்க ஓபன் பந்தயத்தில் பாபி ஜோன்ஸ் கோலை வைத்தபோது பந்து துளி நகர்ந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. அவரே பிடிவாதமாக ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார். முடிவில் கணக்கு சமமாகி, மறு ஆட்டத்தில் பட்டம் கைநழுவிப்போயிற்று. மகா மனிதர்தான். ஆனால் ஜோன்ஸுக்கு அதற்கு முன்னாலும் பட்டங்கள் வந்தன, பின்னாலும் வந்தன. சுமார் ஆட்டக்காரருக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் கணக்கு 90-க்குக் கீழே வரும் போலிருக்கிறது. அந்த ஒரு நாளும் இப்போது புதருக்குள் பந்தாய்க் கிடக்கிறது. அப்படியும் பந்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "அகப்படவில்லை, ஐயா!" என்று கூவிவிட்டு, வந்த வழியே திரும்பி நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எந்தச் சரித்திரமும் எழுதுவதில்லை.

நாம் கேட்பது அதிகமில்லை. எடுத்துக்கொண்ட 2 நிமிஷத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஆட்டம் வேகமாக முடியத்தான் வேண்டுமென்றால், குழிக்கு மூன்றடி தூரத்தில் குந்தி, எழுந்து, ஒற்றைக் கண்ணை மூடி, நாலு திசையிலும் சுற்றி வந்து புல்லின் ஜாதகத்தைக் கணிக்கிறார்களே சாம்பியன்கள், அவர்களிடம் கழித்துக்கொள்ளுங்கள்.