நீர்த்தாரையும் கூரிய கருவியே

மாத்தளை மாவட்டத்துக் கமக்காரர் சிலர், சேறு படிந்த உழவு இயந்திரத்தை உயர் அமுக்க நீர்த்தாரையாற் கழுவுகின்றனர். வேலை விரைவில் முடிகின்றது, நன்றே. ஆயின், அதே தாரையிற் கைகால்களையும் கழுவுதல் அறவே கைவிடத்தக்கது.

மோட்டார் வண்டிச் சில்லினுள் காற்றின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 30 இறாத்தல். இப்பொறியின் நீரமுக்கமோ 1000 இறாத்தலையும் கடக்கும். அது தோலைத் துளைத்து, அழுக்கையும் கிருமியையும் தசையினுட் செலுத்தும். வெளியே ஊசித்துளை போன்ற காயமே தோன்றும். உள்ளே சிதைவு பெரிதாயிருக்கும். மஞ்சள் பூசிக் காத்திருப்போர் விரலையே இழக்க நேரிடலாம். வலி இல்லாவிடினும் உடனே வைத்தியசாலைக்குச் சென்று, உயர் அமுக்க நீர் பாய்ந்ததென்று தெளிவாகக் கூறுக.

தெறிக்கும் சேறும் தீங்கற்றதன்று. 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7000க்கும் மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் கண்டோராகப் பதிவாயினர்; மாத்தளையும் கடுமையாகத் தாக்குண்டது. எலி, மாடு முதலியவற்றின் சிறுநீரோடு சேற்றிற் கலக்கும் அக்கிருமி, காயத்தின் வழியும் கண்ணின் வழியும் உட்புகும்.

ஆதலால், காப்புக் கண்ணாடியும் முழங்காலளவுச் சப்பாத்தும் அணிந்தே கழுவுக. தாரையை எவர்மீதும் திருப்பாதீர்; சிறுவரை அருகில் விடாதீர். நீர்தானே என்று எண்ணுவதே முதற் பிழை. அரிவாளுக்குக் காட்டும் கவனம் இக்குழாய்க்கும் வேண்டும் என்பதே எமது கருத்து.