இரண்டு பருவமழை இருந்தும் தாகம்

மே மாதப் பிற்பகல்களில் திருப்பதியில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சகஜம். அலிபிரியிலிருந்து 3,550 படிகள் ஏறித் திருமலையை அடையும் பக்தருக்கு மேலே காற்று இதமாக இருக்கிறது. மாதமும் சூரியனும் அதேதான்; மாறியது உயரம். திருப்பதி கடல் மட்டத்திலிருந்து சுமார் 160 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திருமலையோ 850 மீட்டருக்கு மேல். காற்றைச் சூடாக்குவது பெரும்பாலும் தரைதான். மேலே போகப்போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. விரிந்து பரவும் காற்று குளிர்கிறது. 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது கணக்கு. அதன்படி அடிவாரத்துக்கும் மலைக்கும் நாலரை டிகிரியாவது வித்தியாசம் இருக்க வேண்டும்.

அட்சரேகை, உயரம், கடலிலிருந்து உள்ள தூரம், மலைகள், காற்று வீசும் திசை என்று தட்பவெப்பத்தை நிர்ணயிக்கும் காரணங்களைப் பள்ளிப் புத்தகம் பட்டியலிடுகிறது. 2022 ஏப்ரலில் பிரிக்கப்படும்வரை ஒன்றாக இருந்த பழைய சித்தூர் மாவட்டத்துக்குள்ளேயே இவை அனைத்தையும் பார்த்துவிடலாம். அங்குள்ள விவசாயிக்கு இது பரீட்சைக்குப் படிக்கும் விஷயமல்ல. போட்ட விதை வீடு வந்து சேருமா என்பது இதில்தான் இருக்கிறது.

முதலில் சூரியன். இந்த வட்டாரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 முதல் 14 டிகிரி அட்சரேகைக்குள் வருகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மத்தியிலும், சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஆனால் ஆகஸ்ட் வெயில் மே வெயில் போலக் கொளுத்துவதில்லை. அதற்குள் வானத்தில் மேகம் சேர்ந்துவிடுகிறது; நனைந்த மண்ணிலிருந்து நீர் ஆவியாவதில் வெப்பத்தின் ஒரு பகுதி செலவாகிவிடுகிறது. மே மாதத்தில் மேகமும் இல்லை, மண்ணில் ஈரமும் இல்லை.

அடுத்தது கடல். நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். சென்னையில் பிற்பகலில் கடற்காற்று புகுந்து வெப்பத்தைத் தணிப்பது இதனால்தான். வங்கக் கடலிலிருந்து 60 கி.மீ.க்கு மேல் தள்ளியுள்ள திருப்பதிக்கு அந்தக் காற்று வலுவிழந்துதான் வர முடியும். இன்னும் மேற்கே உள்ள சித்தூருக்கு அதுவும் அரிது. சித்தூர் திருப்பதியைவிடச் சற்று உயரத்தில் இருப்பதுதான் அதற்கு ஆறுதல்.

மழைக்கு வருவோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மேலே தள்ளப்பட்ட காற்று குளிர்ந்து மழையைக் கொட்டுகிறது. கர்நாடகத்தின் ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மி.மீ.க்கு மேல் பெய்வது இப்படித்தான். மலையைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்று சூடாகி உலர்ந்துவிடுகிறது. இதனால் ராயலசீமா மழை மறைவுப் பிரதேசம் ஆகிறது. அனந்தபூர் மாவட்டத்துக்கு ஆண்டுக்குக் கிடைப்பது 550 மி.மீ. அளவுதான்.

பழைய சித்தூர் மாவட்டத்தின் சராசரியோ ஏறத்தாழ 900 மி.மீ. காரணம், அதற்கு இரண்டு பருவமழையும் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் பகல் வெப்பத்தால் மேலெழும் ஈரக்காற்று மாலையில் இடிமழையாகிறது. ஒரு கிராமம் நனையும், பக்கத்துக் கிராமம் வானத்தைப் பார்த்து நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலிலிருந்து வரும் காற்று சேஷாசலம், நகரி மலைகளில் ஏறி மழை தருகிறது. கிழக்கே காளஹஸ்தி, சத்தியவேடு பக்கம் மழை அதிகம். மேற்கே மதனப்பள்ளி பக்கம் குறைவு.

பிறகு ஏன் வறட்சி? ஆண்டுச் சராசரி வயலுக்கு உதவாது. எப்போது பெய்கிறது என்பதுதான் முக்கியம். ஜூன், ஜூலையில் மானாவாரியாக விதைத்த நிலக்கடலை பூத்து விழுது இறங்கும் நேரத்தில் மூன்று வாரம் மழை பொய்த்தால் காய் பிடிக்காது. பின்னால் நவம்பரில் எவ்வளவு கொட்டினாலும் அந்தச் செடிக்குப் பயனில்லை. சாறு ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா மாமரம் பூக்க உலர்ந்த, குளிர்ந்த இரவுகள் தேவை. டிசம்பரில் மழை நீண்டால் மரம் பூவுக்குப் பதில் தளிர் விடும்.

இந்தக் காலக்கணக்கை எங்கோ தொலைவில் உள்ள கடலும் குலைக்கிறது. பசிபிக் கடலின் மேற்பரப்பு சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மெலிகிறது. வடகிழக்குப் பருவமழை பல நேரம் வலுக்கிறது. 2015-ல் நாடு முழுவதும் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டு நவம்பர், டிசம்பரில் சென்னை மூழ்கியது.

பூமி சூடாவது இன்னொரு காரணம். ஒரு டிகிரி சூடேறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். பெய்யும்போது மொத்தமாகப் பெய்யும் வாய்ப்பு இதனால் கூடுகிறது. 2021 நவம்பரில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று கரையைக் கடந்தபோது திருப்பதித் தெருக்கள் ஆறாயின. மலைப்பாதைகளில் பாறைகள் சரிந்தன. ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு ஏற்பட்டு, சுற்றுக் கிராம மக்கள் வெளியேற்றப்பட்டனர்.

வானத்தைக் கண்காணிக்கும் வசதிக்கு இங்கே குறைவில்லை. திருப்பதிக்கு அருகே காதங்கியில் 1990-களின் தொடக்கத்திலிருந்து 1,024 ஆன்டெனாக்கள் கொண்ட ராடார் இயங்குகிறது. வானொலி அலைகளை மேலே அனுப்பி, திரும்பும் எதிரொலியிலிருந்து பல கி.மீ. உயரத்துக் காற்றின் போக்கைக் கணிக்கிறது.

மழையைப் பிடித்துவைப்பது தரையில் நடக்க வேண்டிய வேலை. சில நாட்களில் கொட்டித் தீர்க்கும் நீரை மாதக்கணக்கில் தேக்கத்தான் முன்னோர் ஏரிகளை வெட்டினார்கள். வரத்துக் கால்வாய் தூர்ந்து, ஏரிக்குள் மனை எழும்பினால் ஒரே ஆண்டில் வெள்ளமும் வறட்சியும் வரும். தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. நகரி ஆறு கொசஸ்தலை ஆற்றில் கலந்து பூண்டி ஏரிக்கு வருகிறது. சித்தூர் மலைகளில் பெய்யும் மழை சென்னையின் குடிநீரும்கூட.